துரைசாணிக்கு வந்த சூடு

ஆயுத பூசை முடிந்து கம்பெனி திறந்த அன்று காலையில் துரைசாணி என் கையைச் சுட்டுவிட்டாள்.

துரைசாணி என்றால் மனுஷி இல்லை, தட்டு கழுவும் மிஷின். கும்மிடிப்பூண்டிக்கு வெளியே இருந்த ஒரு கம்பித் தொழிற்சாலையின் கேன்டீனில் அவள் இருந்தாள். குனியாமல், கையில் கறி ஒட்டாமல், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே எல்லாவற்றையும் கழுவிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்பாள். அதனால்தான் வெள்ளைக்காரத் துரையின் சம்சாரத்தைச் சொல்லுகிற அந்தப் பெயரை வைத்தோம். அன்றைக்கு நாஷ்டா முடிந்ததும் முதல் அடுக்குத் தட்டுகளை உள்ளே வைத்து ஓடவிட்டேன். நின்றதும் கதவைத் திறந்தால் ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. எடுத்த தட்டைத் தரையிலேயே போட்டுவிட்டேன். பிளாஸ்டிக் டம்ளர்கள் எல்லாம் வாய் கோணிப்போய்க் கிடந்தன. வழக்கமாக அவள் கழுவிய தட்டு கைக்கு இதமான சூட்டோடுதான் வரும். அன்று உள்ளே தண்ணீர் உலை மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது.

என் பெயர் ஞானம்மா. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, நெல்லாகக் கூலி வாங்கியவர்கள். மழை பிடித்துக்கொண்டால் வேலை கிடையாது, வேலை இல்லாத அன்று உலையும் கிடையாது. கம்பெனி வந்ததும் நான் கேன்டீனில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். என்னோடு பாத்திரம் கழுவியவள் செங்கம்மாள் அக்கா. பழவேற்காட்டு ஏரிக்கரைக்காரி. புருஷன் போன பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிழைக்க வந்தவள். வயதில் என்னைவிடப் பெரியவள், பொறுமையிலும் என்னைவிடப் பெரியவள். பொறுமையில் என்னை மிஞ்சுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை என்று அவளே சொல்வாள்.

மிஷின் வருவதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும்தான் அத்தனை ஷிப்டுக்கும் தட்டு தேய்த்தோம். சாம்பல், புளி, சோடா உப்பு. விரலிடுக்கெல்லாம் வெந்துபோய் வெளுத்துக் கிடக்கும். அப்போது எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பின்னால் கற்றுக்கொண்டேன், அது வேறு கதை. சம்பள நாளில் டைம் ஆபீஸ் கிளார்க் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்துக் காகிதத்தில் அமுக்குவார். கோடே விழாது. கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் விழும். தேய்த்துத் தேய்த்து ரேகையே அழிந்துபோயிருந்தது. சாமி உனக்கு ரேகை வைக்க மறந்துவிட்டாரா என்று அவர் கேட்பார். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனி மிஷின்களை நிறுவிக் கொடுக்க வந்த வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பியபோது, தங்கள் கெஸ்ட் ஹவுஸுக்கு வரவழைத்து வைத்திருந்த துரைசாணியை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். மேனேஜர் அதைக் கேன்டீனுக்கு அனுப்பினார். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒரு பேச்சும் சொன்னார். மழைக்காலம் முடியும்வரை இது ஒழுங்காக ஓடினால் உங்களை ஆபரேட்டர் என்று போட்டு பர்மனென்ட் ஆக்குகிறேன். ஓடவில்லை என்றால் மிஷினை விற்றுவிட்டு, கழுவுகிற வேலையைக் கான்ட்ராக்ட்காரரிடம் விட்டுவிடுவேன். கான்ட்ராக்ட்காரர் என்றால் அவருடைய ஆட்களைக் கொண்டுவருவார். நாங்கள் வெளியே போக வேண்டியதுதான்.

பர்மனென்ட் என்பதை இப்போதுள்ள பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. எங்கள் வம்சத்தில் ஒருத்தருக்கும் அது வாய்த்ததில்லை. நாளைக்கு வா என்று ஒருவர் சொல்லாமலே நாளைக்கு வேலைக்கு வரலாம். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

துரைசாணி அதுவரை நன்றாகத்தான் ஓடினாள். நாங்களும் அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டோம். மறுநாள் காலை மேனேஜர் வந்து, இதுவரை எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதாக இருந்தது. அதற்கு முதல் நாள் பார்த்துத்தான் இப்படிக் கொதித்துத் தொலைத்தாள்.

கேன்டீன் சூப்பர்வைசர் துலுக்காணம் ஓடி வந்து ஆவியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பயந்தவர். மேனேஜர் நிழல் தெரிந்தாலே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்வார். எதற்கும் இருக்கட்டும் என்று கான்ட்ராக்ட்காரருக்கு ஆள் அனுப்பி, மறுநாள் வந்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். அதை எங்கள் காதில் விழும்படியே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் டீயில் உப்பைப் போட்டிருப்பேன், செங்கம்மாள் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

கம்பெனி எலெக்ட்ரீஷியன் பாக்கியராஜ் வந்தான். சின்ன வயசு, கெட்டிக்காரன், எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவான். விஷயத்தை எங்களுக்கும் புரியும்படி சொன்னான். தொட்டிக்குள் ஒரு சூடேற்றும் கம்பி இருக்கிறது. தண்ணீர் போதுமான அளவு சூடானதும் கரண்டை நிறுத்துவதற்கு தெர்மோஸ்டாட் என்று ஒரு காவல்காரன் இருக்கிறான். இப்போது கரண்ட் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. ஏன் என்பதுதான் கேள்வி.

முதலில் அவனுக்குத் தண்ணீர்மேல் சந்தேகம். எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்பு, எதில் ஊற்றினாலும் வெள்ளையாகப் படியும். தொட்டியை வடித்துப் பார்த்தால் சூடேற்றும் கம்பிமேல் சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தது. மூவரும் உட்கார்ந்து சுரண்டினோம். மறுபடி தண்ணீர் பிடித்து ஓட்டினால் மறுபடியும் கொதித்தது. அடுத்தது, தண்ணீர் குறைவாக ஏறுகிறதோ என்று பார்த்தான். சரியான அளவுக்கு ஏறியிருந்தது. கடைசியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழை முழுக்கக் குறைத்து வைத்தான். துரைசாணி அதையும் மதிக்கவில்லை, கொதித்துக்கொண்டேதான் இருந்தாள்.

பாக்கியராஜ் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"தெர்மோஸ்டாட்தான் பூட்ச்சி போல கீதுக்கா. இது அவுங்க ஊர்லேந்துதான் வரணும். எப்ப வருமோ."

அதற்குள் கம்பி ஷெட்டிலிருந்து அவனுக்கு ஆள் வந்துவிட்டது. அங்கே பெரிய மோட்டாரும் காலையிலிருந்து சூடாகிச் சூடாகி நின்றுகொண்டிருந்ததாம். அவன் போனான். நாங்கள் மூலையில் கவிழ்த்து வைத்திருந்த பழைய தொட்டிகளைத் திரும்ப எடுத்தோம். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு முழுவதையும் கையால் தேய்த்தோம். கொஞ்ச நாள் ஓய்ந்திருந்த விரல்கள் சோடா பட்டதும் எரிந்தன. எனக்கு அழுகை வந்தது. எரிச்சலால் வந்த அழுகை என்று சொன்னால் அது பொய். கண்ணுக்கு எதிரே வந்த வேலை கை நழுவிப் போகிறதே என்றுதான் அழுதேன்.

செங்கம்மாள் அக்காவும் தேய்த்தாள். பித்தளை, செம்பு என்றால் அவளை அடிக்க அந்தக் கம்பெனியிலேயே ஆள் கிடையாது. புளியைத் தொட்டு நாலு தேய்ப்பு தேய்த்தால் முகம் பார்க்கலாம். அன்று அவள் கை மட்டும் ஓடியது, மனசு வேறெங்கோ இருந்தது.

சாயங்காலம் பாக்கியராஜ் திரும்பி வந்தான். மோட்டார் இன்னும் சரியாகவில்லை என்று அலுத்துக்கொண்டான். ஆனாலும் செத்துப்போய்விட்டது என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் தெர்மோஸ்டாட்டை ஒரு தடவை சோதித்துப் பார்க்கவேண்டும் என்றான். அதன் முனையில் விரல் நீளத்துக்கு ஒரு செம்புக் குமிழி இருக்கும், மெல்லிய குழாயில் தொங்கும், அதுதான் தண்ணீரின் சூட்டை மோந்து பார்க்கிற மூக்கு என்றான். துரைசாணியின் அடிவயிற்றுத் தகட்டைக் கழற்றி உள்ளே கையை விட்டான். அங்கே எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் கறுப்புமாக இருந்தது. அதிலிருந்து அவன் வெளியே இழுத்த செம்பு மட்டும் தங்கமாக மின்னியது. அதன் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு. பக்கத்தில் ஒரு சாமந்தி இதழ், வதங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

பாக்கியராஜ் அதையே பார்த்தான். நான் செங்கம்மாள் அக்காவைப் பார்த்தேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

பாக்கியராஜ் கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் டீ கொண்டுவரச் சொன்னான். கொண்டுவந்தேன். பொட்டு வைத்த செம்பை அப்படியே டீயில் முக்கினான். மிஷினுக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம் வந்தது. வெளியே எடுத்து ஆறவிட்டான். மறுபடியும் டிக். காவல்காரன் சாகவில்லை. வாசலில் நிற்கவேண்டியவனைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு பொந்துக்குள் இருக்கவேண்டிய செம்பு வெளியே காற்றில் தொங்கியிருக்கிறது. தண்ணீர் கொதிப்பது அதற்கு எப்படித் தெரியும்?

"இத யாரு வெளிய எடுத்தது?" என்றான் பாக்கியராஜ்.

"நான்தாம்பா," என்றாள் செங்கம்மாள் அக்கா. "பூசைக்கு எல்லாத்தையும் தொடைக்கச் சொன்னாங்களே. அடித் தகட்ட தொறந்தா செம்பு பச்சையா களிம்பு புடிச்சிக் கெடந்துச்சி. நாளும் கெழமையுமா அப்பிடியே உடுறதா? இழுத்தேன், வந்துச்சி. புளி போட்டுத் தேச்சேன், பொட்டு வச்சேன். பொட்டு வச்சத மறுபடி அந்த அழுக்குப் பொந்துல எப்பிடி சொருவறது? முன்னால தொங்க உட்டு ஒரு பூவ வச்சேன்."

பூசை அன்று நான் விளக்குப் பக்கம் போகவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். பொரியும் சுண்டலும் மட்டும் வாங்கித் தின்றுவிட்டு வந்தேன். அந்த நேரத்தில் இவள் துரைசாணியின் வயிற்றைத் திறந்து அவளுக்கு அலங்காரம் செய்திருக்கிறாள். கோபம் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. தேய்க்கிற கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருக்க மாட்டாயா, நாளைக்கு நம் இரண்டு பேர் சோற்றிலும் மண் விழப் பார்த்ததே என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அவள் குனிந்து அந்தச் சாமந்தி இதழைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

பாக்கியராஜ் செம்பை அதன் பொந்தில் செருகி, நழுவாமல் கட்டினான். பொட்டைத் துடைக்கவா என்று கேட்டான். வேண்டாம், இருக்கட்டும் என்றாள் அக்கா. ஓட்டிப் பார்த்தோம். தண்ணீர் சூடானது. டிக். நின்றது. தட்டுகள் இதமான சூட்டில், காய்ந்து, பளிச்சென்று வந்தன. எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. தட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

மேனேஜர் கேட்டால் ஒயர் லூசாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவேண்டாம் என்றான் பாக்கியராஜ். மிஷினுக்குள் கை வைத்தது தெரிந்தால் அக்காவை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ரயிலடிவரைக்கும் கூடவே நடந்து, பேசாதே பேசாதே என்று அக்காவின் காதில் ஓதிக்கொண்டே போனேன்.

மறுநாள் மேனேஜர் வந்தார். முகம் சரியில்லை. பெரிய மோட்டார் காலையிலும் சூடாகி நின்றுவிட்டது, உள்ளே பேரிங்கெல்லாம் பிரித்துப் பார்த்தும் காரணம் தெரியவில்லை என்று துலுக்காணம் எங்களிடம் முன்னமே கிசுகிசுத்திருந்தார். கான்ட்ராக்ட்காரரும் வாசலில் வந்து நின்றிருந்தார். துரைசாணியை ஓட்டிக் காட்டினோம். மேனேஜர் ஒரு தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், தலையை ஆட்டினார். நேற்று என்ன கோளாறு என்று பாக்கியராஜைக் கேட்டார். அவன் ஒயர் என்று ஆரம்பித்தான்.

"ஒயர் இல்ல சார்," என்றாள் செங்கம்மாள் அக்கா.

பின்னால் நின்று அவள் முந்தானையை இழுத்தேன். அவள் நிறுத்தவில்லை. செம்பைத் தேய்த்தது, பொட்டு வைத்தது, வெளியே தொங்கவிட்டது எல்லாவற்றையும் சொன்னாள். துலுக்காணம் பித்தானைத் தேடினார். பாக்கியராஜுக்குக் காது சிவந்துவிட்டது. இதை ஏன் இப்போது சொல்கிறாய், மறைத்திருக்கலாமே என்று மேனேஜர் கேட்டார். அதட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"சார், எங்க ஊர்ல பொம்பளைங்க ஏரில வரிசையா எறங்கி கையாலதான் எறா தடவுவோம். தண்ணி கலங்கலா இருக்கும், அடில ஒண்ணும் தெரியாது. கெளுத்தி முள்ள மிதிச்சவ அங்கியே நின்னு சத்தம் போடுவா. பின்னால வர்றவ மிதிக்கக் கூடாதுன்னு. மோட்டாரும் பூசைலேந்துதான் சூடாவுதுன்னு சொல்லிக்கினாங்க. என்னிய மாதிரியே எவனோ ஒருத்தன் அங்க எத்தயோ செஞ்சிட்டு பயந்துக்கினு நிக்கிறானோ இன்னாவோ. அதான் சொன்னேன்."

மேனேஜர் கையிலிருந்த தட்டை மெதுவாக அடுக்கின்மேல் வைத்தார். பிறகு பாக்கியராஜிடம், பூசை அன்று மோட்டாருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். துடைத்தோம், சந்தனம் குங்குமம் வைத்தோம், மாலை போட்டோம் என்றான் அவன். மாலையைக் கழற்றினீர்களா என்றார். இல்லை என்றான். ஏன் கழற்றவில்லை என்றார். பாக்கியராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு, அது நீங்கள் போட்ட மாலை சார் என்றான்.

அவர் விடுவிடு என்று கம்பி ஷெட்டுக்குப் போனார். பாக்கியராஜ் பின்னால் ஓடினான். நாங்கள் போகவில்லை, எங்களுக்குத் தட்டு இருந்தது. வாசலில் நின்ற கான்ட்ராக்ட்காரர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் அக்காவைத் திட்ட வாயைத் திறந்தேன். ஆனால் ஏரிக்குள் முள்ளை மிதித்துவிட்டு நின்று கத்துகிற பெண்ணை எப்படித் திட்டுவது? அவள் காலில் ரத்தம் வந்துகொண்டிருக்கும்போது அவள் பின்னால் வருகிறவளை நினைக்கிறாள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. அவள் கையிலிருந்த தட்டை வாங்கி நான் கழுவினேன், அதுதான் என்னால் முடிந்தது.

மத்தியானம் பாக்கியராஜ் வந்து நடந்ததைச் சொன்னான். மோட்டாருக்கு முன்னால் மாலை அழகாகத்தான் தொங்கியிருக்கிறது. பின்னால் சுவரோரம், காற்று இழுக்கிற கம்பி வலைக்குள் மாலையின் மறு முனை போய், பூவெல்லாம் உறிஞ்சிப் பிடித்து அடைத்துக்கொண்டிருந்ததாம். மோட்டாருக்கு மூச்சுவிட வழியில்லை. மேனேஜர் போட்ட மாலையைத் தொட ஒருத்தருக்கும் தைரியம் வராமல், இரண்டு நாளாக உள்ளே இருந்ததை எல்லாம் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அவரே கையை விட்டுப் பிய்த்து எடுத்தாராம்.

சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் கேன்டீனுக்கு வந்தார். ஆபீசர்களுக்கு என்று தனியாக இருந்த பீங்கான் தட்டைத் துலுக்காணம் எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, துரைசாணியிலிருந்து அப்போதுதான் எடுத்த எவர்சில்வர் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவர் சட்டைப் பையில் கசங்கிய சாமந்தி இதழ்கள் தெரிந்தன. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு எங்கள் பக்கம் வந்தார்.

"அடுத்த வருஷம் பூசைக்கு மிஷினுக்கு உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது," என்றார். "நானும்தான்."

பிறகு துலுக்காணத்திடம், கான்ட்ராக்ட்காரரை வீணாகக் காக்க வைக்கவேண்டாம், அனுப்பிவிடுங்கள் என்றார். துலுக்காணம் ஒரு பித்தானைப் போட்டுக்கொண்டு வேகமாகப் போனார். அந்த மனிதர் சிரித்த முகத்தோடு போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மழைக்காலம் முழுவதும் துரைசாணி ஓடினாள். ஒரு நாள்கூட எங்களைச் சுடவில்லை. பொங்கலுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் டைம் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஆர்டர் வந்திருந்தது. ஆபரேட்டர் என்று போட்டிருப்பதாகக் கிளார்க் படித்துச் சொன்னார். செங்கம்மாள் அக்கா முதலில் போனாள். காலையில் துரைசாணியின் கதவுக்கு வெளியே, வெளியே மட்டும், பொட்டு வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்தக் குங்குமமும் மையும் சேர்ந்து அவள் கைநாட்டு செம்மண் நிறத்தில் விழுந்தது. கிளார்க் முணுமுணுத்துக்கொண்டார்.

அடுத்தது நான். பழைய பழக்கத்தில் சிரிப்பதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்தார், ஆர்டரில் அமுக்கினார், எடுத்தார். எப்போதும் போல ஏதோ சொல்ல வாயெடுத்தவர் குனிந்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நானும் குனிந்து பார்த்தேன்.

சுற்றிச் சுற்றிக் கோடுகள் இருந்தன. நடுவில் சின்னதாக ஒரு சுழி. எனக்கு அப்படி ஒரு சுழி இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

மை காயும்வரை அந்தக் காகிதத்தை எடுக்கவேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அவரும் எடுக்கவில்லை.